குதிகால் நாணும் நமது ஓராண்டும்

2024-ஆம் ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவிற்கு வந்திருந்த அன்பர்கள், மணமானவர்க்கும் மணமாகாதவர்க்கும் நடந்த சடுகுடு ஆட்டம் பாதியில் நின்றுபோனதை மறந்திருக்கமாட்டார்கள். அதற்குக் காரணம் நாமே. ஜனவரி 21, ஞாயிறு மாலை. வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து இரயில்வே கணக்குப் பார்க்கும் கால்கள், முப்பத்தாறு வயது, சற்றுமுன் உண்ட சர்க்கரைப் பொங்கல் ஆகிய அனைத்தையும் சுமந்துகொண்டு நாம் பாடிச் சென்றோம். திரும்புவதற்காக வலக்காலை ஊன்றி உந்திய கணத்தில், கயிறு தெறித்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. எவரோ பின்னாலிருந்து குதிகாலுக்கு மேலே ஓங்கி உதைத்ததுபோல் இருந்தது. உதைத்த இளைஞனை ஏசுவதற்கென்றே திரும்பினோம். பின்னால் ஒருவரும் இல்லை.

அதன்பின் நேர்ந்தவற்றை எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் பலமுறை கேட்டார். கால் நன்றாக ஊன்றட்டும் என்று காலம் கடத்தி வந்தோம். என்றோ ஒருநாள் மட்டும் ஓடியாடும் நடுத்தர வயது ஆடவர்க்கே இவ்விபத்து மிகுதியாக நேர்வதாக மருத்துவர்கள் கூறுவதால், நம் இதழின் வாசகர் சிலருக்கேனும் இது பயன்படக்கூடும்.

கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தடித்த நாணே உடலிலுள்ள நாண்கள் யாவற்றினும் வலியது. மேனாட்டார் அதற்கு அக்கிலீஸ் என்னும் கிரேக்க வீரனின் பெயரை இட்டிருக்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் தாய் அவனைக் குதிகாலில் பிடித்துக்கொண்டு தெய்வ நதியில் தோய்த்தாளாம். நீர் படாத அவ்விடத்தில் அம்பு பாய்ந்து மாண்டானாம். நம் கண்ணபிரானுக்கும் வேடன் எய்த அம்பு பாதத்தில்தான் பட்டது. நாண் அறுவது பெரும்பாலும் குதிகாலுக்கு இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே. அங்கே இரத்த ஓட்டம் குறைவு.

நம்மவர் பேச்சில் இதுவும் 'நரம்பு'தான். உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு வேறு. எலும்பை இழுக்கும் நாண் வேறு. பெயரை ஒன்றாக்கிவிட்டதால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது: எண்ணெய் காய்ச்சி நீவுதல். நமக்கும் அதுவே நடந்தது. அன்றிரவு நாம் சென்று கண்ட மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு முறியவில்லை, சுளுக்கு என்று சொல்லிப் பட்டைத்துணி சுற்றி அனுப்பினார். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது என்பதை நாம் அறியோம். இரண்டே நாளில் வலி தணிந்தது. பாதத்தைக் கீழ்நோக்கி அசைக்கவும் முடிந்தது. வேறு சிறு தசைகள் அவ்வேலையைச் செய்துவிடுமாம். இப்படித்தான் பலருடைய நாண் அறுந்தது முதலில் தெரியாமற் போகிறது. நொண்டிக்கொண்டே அலுவலகம் சென்றோம். படியேறும்போது மட்டும் வலக்கால் நமக்குச் சொந்தமில்லாததுபோல் நடந்துகொண்டது.

ஒன்பதாம் நாள், மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்ற நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். "தம்பி, பாதம் வெளியே தொங்கும்படி கட்டிலில் குப்புறப் படுங்கள்" என்றார். இடக் கெண்டைச் சதையை அமுக்கினார். பாதம் கீழ்நோக்கி அசைந்தது. வலப்பக்கம் அமுக்கினார், பாதம் அசையவில்லை. இன்னொரு முறையும் அமுக்கினார். "எண்ணெயை எடுத்து உள்ளே வையுங்கள் அம்மா" என்று நம் இல்லத்தரசியிடம் சொன்னார். ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனையை முதல் நாளே ஒருவர் செய்திருந்தால் ஒன்பது நாள் வீணாகியிராது.

இனி எங்கே, எவரிடம் செல்வது? கரக்பூரில் வாழும் நமக்கு எந்த இன்னல் வந்தாலும் முதலில் தோன்றுவது ஊர்தான். திருச்சியிலிருந்து அண்ணன் தொலைபேசியில், "புறப்பட்டு வந்துவிடு தம்பி, இங்கே தமிழிலேயே பேசி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வற்புறுத்தினார். அம்மா அழுதார்கள். நமது மனமும் அப்பக்கமே சாய்ந்தது. ஆனால் சென்னைக்கே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ ஒரு நாள் பயணம். அசையாத காலோடு நெடும் பயணம் செய்தால் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் உண்டு. அதைவிடப் பெரிய ஐயம் ஒன்று: அறுவைச் சிகிச்சையை அங்கே செய்துகொண்டு, அதன்பின் வரும் மாதங்களை இங்கே கழித்தால், நடுவில் புண் சீழ் பிடித்தாலோ நாண் மீண்டும் அறுந்தாலோ யாரைத் தேடி ஓடுவது?

நாம் கண்ட முதல் அறுவை மருத்துவர், "நாளைக் காலை வாருங்கள், முன்பணம் கட்டிவிடுங்கள்" என்றார். அறுவை இல்லாமல் ஆறாதா என்று கேட்டோம். "மருத்துவர் நீங்களா, நானா?" என்று வினவினார். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவர். அதற்கு விடை நமக்குத் தெரியும். எனினும் எழுந்து வந்துவிட்டோம்.

பெரியவர் அப்போது ஒரு நல்ல யோசனை கூறினார். மருத்துவமனை வாயிலில் உள்ள பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். உடற்பயிற்சிச் சிகிச்சை அளிப்பவரைக் கேளுங்கள் என்றார். அறுவை முடிந்தவர்களை நாள்தோறும் கையால் தொட்டுப் பார்ப்பவர் அவரே. எவருடைய தையல் நன்றாக ஆறுகிறது, எவர் பின்னர் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவ்வாறு கேட்டதில் இருவர் தனித்தனியே ஒரே பெயரைச் சொன்னார்கள். கொல்கத்தாவில் உள்ள வங்காளி மருத்துவர். உள்ளூர் வண்டியில் சில மணி நேரப் பயணம்தான்.

அவர் நம்மைக் குப்புறப் படுக்க வைத்து அதே சோதனையைச் செய்தார். ஒலியலைப் படத்தால் உறுதிப்படுத்தினார். சர்க்கரை உண்டா, புகை பிடிப்பதுண்டா என்று கேட்டார். இரண்டும் புண் ஆறுவதைக் கெடுக்கும். அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை தின்றதுண்டா என்றும் கேட்டார். அவ்வகை மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும் என்று 2008-லேயே அமெரிக்க அரசு எச்சரித்திருக்கிறதாம். வயிற்றுப்போக்கிற்கு அதைக் கடையில் கேட்டு வாங்கித் தின்னும் அன்பர்கள் இதைக் கவனிக்க.

அறுவை இல்லாமலும் ஆறும் என்று அவரே கூறினார். 2022-இல் நார்வே மருத்துவர்கள் 526 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குப் பின் அறுவை செய்துகொண்டவர்க்கும் செய்துகொள்ளாதவர்க்கும் காலின் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நாண் மீண்டும் அறுந்தது, அறுவை இல்லாதவரில் நூற்றுக்கு ஆறு பேருக்கு. அறுவை செய்தவரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மறுபுறம், நரம்புக்கு ஊறு நேர்ந்தது அறுவை செய்தவர்களிடையேதான் மிகுதி. "முதல் நாளே வந்திருந்தால் இரண்டில் ஒன்றை நீங்களே தேர்ந்திருக்கலாம். இப்போது முனைகள் விலகி நிற்கின்றன. தைப்பதே நல்லது என்பது என் கருத்து. இன்னும் சில வாரம் சென்றிருந்தால் கட்டைவிரலை மடக்கும் நாணைக் கொண்டுவந்து ஒட்டவேண்டி நேர்ந்திருக்கும்" என்றார்.

ஆண்டில் இத்தகைய அறுவை எத்தனை செய்வீர்கள் என்று அஞ்சியவாறே கேட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை, மாதத்திற்கு இரண்டு மூன்று என்றார். தையல் பிரித்தபின் எவரைப் பார்ப்பது என்றோம். "என்னைத்தான். ஓராண்டு" என்றார். அந்தச் சொல்லுக்காகவே ஒப்புக்கொண்டோம். நமது இந்தியும் அவரது இந்தியும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆயினும் பொருள் விளங்கிற்று.

பிப்ரவரி 3-ஆம் நாள் அறுவை. ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிட்டது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது பிறகு வந்தது. விரல்கள் கீழ்நோக்கிய நிலையில் இரண்டு வாரம் மாவுக்கட்டு. பின்னர் தையல் பிரித்து, முழங்காலுக்குக் கீழ்வரை மூடும் பெரிய பூட்ஸ். அதனுள் குதிகாலுக்கு அடியில் ஆப்பு வடிவில் மூன்று துண்டுகள். இரண்டு வாரத்திற்கு ஒன்றாக அவற்றை எடுக்க, பாதம் மெல்ல மெல்ல மட்டத்திற்கு வரும். ஊன்றுகோல்களின் துணையோடு பூட்ஸிலேயே காலை ஊன்றி நடக்கச் சொன்னார். இரவிலும் அதைக் கழற்றக்கூடாது. நாணை இழுத்து நீட்டும் பயிற்சி எதையும் செய்யலாகாது என்று கடுமையாகத் தடுத்தார். நாண் நீண்டு ஆறினால் காலில் உந்தும் விசை போய்விடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு முட்டினாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வரவேண்டும் என்பதை நம் இல்லத்தரசியிடம் இருமுறை சொன்னார்.

இவற்றையெல்லாம் விடப் பெருந்தொல்லை, நமது குவார்ட்டர்ஸின் கழிப்பறை. குந்தி அமர்வது நாணை முழு அளவில் இழுக்கும் செயல். பல மாதம் கூடாது. நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே அதற்கும் ஏற்பாடு செய்யாதது நமது பிழை; முதல் இரண்டு நாள் பட்ட பாட்டை எழுதுவதற்கில்லை.

மார்ச் இறுதியில் பூட்ஸைக் கழற்றினோம். உள்ளே இருந்தது நமது கால்தானா என்று ஐயுற்றோம். மகன் அளவுநாடாவைக் கொண்டு அளந்தான்: கெண்டைக்கால் மூன்று சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. வலி இல்லை, தழும்பு ஆறிவிட்டது, பார்ப்பவர் எல்லாம் குணமாகிவிட்டது என்கிறார்கள். ஆனால் தெருவைக் கடக்க முடியவில்லை. விடுப்பும் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் மூன்று மாதத்தில்தான் நாண் மீண்டும் அறுவது மிகுதி என்று மருத்துவர் கூறியிருந்ததால், குளியலறை ஈரத்தைக் கண்டாலே நடுங்கினோம். ஏப்ரல் மாதம் முழுவதும் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தோம். அதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

மே மாதத்தில் சுவரைப் பற்றிக்கொண்டு இரு கால் நுனியில் எழுந்து நின்றோம். ஜூனில், நம் நிலையத்தின் நடைமேடையை முனையிலிருந்து முனைவரை நடந்து முடித்தோம். அது 1,072 மீட்டர். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றது; கோரக்பூரும், 2023-இல் ஹூப்ளியும் அதை முந்திவிட்டன. நடுவழியில் இரண்டு பெஞ்சுகளில் அமர்ந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வலக்கால் நுனியில் மட்டும் தனியாக எழ முடிந்தது அக்டோபர் மாதம் ஒரு காலையில், சமையலறையில். இல்லத்தரசி தோசைக் கரண்டியோடு வந்து பார்த்து, "இன்னொரு முறை" என்றார். முடியவில்லை. மறுவாரம் முடிந்தது.

2025-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் நமக்கு நடுவர் பதவி அளிக்கப்பட்டது. அப்பூட்ஸும் ஊன்றுகோல் இரண்டும் நமது வீட்டுப் பரணில் இருக்கின்றன. பூட்ஸ் எட்டாம் எண் காலுக்குப் பொருந்தும்; ஆப்புத் துண்டுகள் மூன்றும் அதனுள்ளேயே உள்ளன. தேவைப்படும் சங்க உறுப்பினர் எவரும் மாலை ஆறு மணிக்குமேல் வந்து எடுத்துச் செல்லலாம்.