பாடுவது முன்பலகைதான்

1862-ல் ஸ்பெயின் நாட்டு கிடார் தச்சர் அந்தோனியோ தெ தோரெஸ் விசித்திரமான ஒரு கிடாரைச் செய்தார். முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம். முதுகும் விலாவும் வெறும் காகிதக்கூழ் அட்டை. ஒலியைத் தீர்மானிப்பது முன்பலகைதான் என்று காட்டவே அப்படிச் செய்தார் என்பார்கள். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இன்னும் இருக்கிறது. ஆனாலும் கிடார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பதென்னவோ, “பின்பக்கம் ரோஸ்வுட்டா?” என்றுதான்.

ஸ்டீல் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிடாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. அதைத் தாங்குவது சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையும், அதன் உள்பக்கம் ஒட்டிய சட்டங்களும். பலகையைத் தடிமனாக்கினால் தாங்கும், அதிராது. லேசாகவும் வேண்டும், விறைப்பாகவும் வேண்டும். இரண்டும் ஸ்ப்ரூஸில் வாய்த்திருக்கின்றன. அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரக் காடுகளின் சிட்கா ஸ்ப்ரூஸ்தான் இன்று பரவலாகப் புழங்குவது. செடார் அதைவிட மென்மை. விரலால் மெதுவாக மீட்டுகிறவர்கள் அதை விரும்புவார்கள்.

நல்ல மரமானாலும் அறுப்பு தப்பினால் போச்சு. ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால்தான் விறைப்பு கிடைக்கும். ஈரப்பதம் மாறும்போது அவ்வளவாகக் கோணாது. தச்சர் பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, மறுகை விரல்முட்டியால் தட்டுவார். ‘டொக்’கென்று அடங்கினால் ஒதுக்கிவிடுவார். ‘டங்’கென்று நீண்டால், நீளவாக்கிலும் குறுக்காகவும் வளைத்துப் பார்த்து, இன்னும் எவ்வளவு இழைக்கலாம் என்று முடிவு செய்வார்.

முதுகு மரத்துக்கு வருவோம். பிரேசில் ரோஸ்வுட்டுக்குத்தான் ஒருகாலத்தில் மவுசு. அது கிடைப்பது கடினமானதும், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தோதகத்திதான் அது. ஈட்டி மரம் என்றும் சொல்வோம். 1992-ல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் பிரேசில் மரத்தின் சர்வதேச வணிகத்துக்குத் தடை போட்டது. 2017-ல் ரோஸ்வுட் பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிடார் கம்பெனிகள் அனுமதிக்கு அலைந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல்தான் விலக்கு கிடைத்தது.

இவ்வளவு பாடுபட்டுத் தேடும் மரம் காதுக்கு எவ்வளவு தெரிகிறது? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு மரமான ஆறு கிடார்களை 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். மங்கிய வெளிச்சம், கண்ணில் வெல்டிங் கண்ணாடி. 2018-ல் வெளியான முடிவின்படி, பிரேசில் ரோஸ்வுட் முதல் மஹாகனி வரை ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். தோதகத்தி அழகான மரம். அழகுக்காகக் காசு கொடுப்பதில் தப்பில்லை. அதை ஒலியின் பேரில் விற்பதுதான் உறுத்துகிறது.

எலக்ட்ரிக் கிடாரில் கதையே வேறு. காற்றை அசைக்கும் வேலை அதன் உடலுக்கு இல்லை. காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருள், எஃகுக் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிறது. கிடார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் ஒரு பைன் கட்டையில் கம்பி பூட்டி வாசித்தார். கிடாராகத் தெரிவதற்காகப் பழைய கிடாரின் இரு பாதிகளைப் பக்கத்தில் பொருத்திக்கொண்டார். 1969-ல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த கிடாரின் உடல் அக்ரிலிக். அதுவும் பாடியது. 1954-ல் ஆஷ் மரத்தில் வந்த ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார், 1956 முதல் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறியது. ஆஷின் துளைகளை அடைத்த பிறகே பெயிண்ட் அடிக்க முடியும். ஆல்டரில் அந்தத் தொல்லை இல்லை. பின்னர் வெள்ளமும் மரம் துளைக்கும் ஒரு பச்சை வண்டும் சேர்ந்து ஆஷ் வரத்தைக் குறைக்க, 2020-ல் ஃபெண்டர் வழக்கமான மாடல்களில் பெரும்பாலும் அதைக் கைவிட்டது. எலக்ட்ரிக் வாங்குகிறவர் மரத்தின் பெயரைவிடத் தோளில் விழும் எடையைப் பார்ப்பது நல்லது.

அக்கூஸ்டிக் வாங்குகிறவர் ஒலித்துளையின் விளிம்பைக் குனிந்து பார்க்கலாம். மேலே தெரியும் ரேகை பலகையின் கனத்திலும் தடையில்லாமல் இறங்கினால் அது முழுப்பலகை. நடுவில் வேறு அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை ஒன்றும் இழிவில்லை. சென்னைப் புழுக்கத்துக்கும் ஏசி அறைக்கும் மாறி மாறி ஈடுகொடுப்பதில் அதுதான் கெட்டி. முழுப்பலகை வாங்கினால், வாசிக்காத நேரத்தில் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும்.