கொலைகாரன் கையில் ராக்கி கட்டிய தங்கை!

அக்காளைக் குத்திக் கொன்றவன் ஜெயிலில் இருக்கிறான். தங்கை அவனைத் தேடிப் போகிறார். எதற்கு? சபிப்பதற்கா? இல்லை. அவனைச் சகோதரனாக ஏற்று, அவன் கையில் ராக்கிக் கயிறு கட்டுவதற்கு!

இது கதை அல்ல. நம் நாட்டில் நடந்த உண்மை நிகழ்ச்சி.

பஸ்சில் கொலை

கேரளாவில் புல்லுவழி என்ற ஊரில், 1954-ம் ஆண்டு பிறந்தவர் ராணி மரியா. கன்னியாஸ்திரீ ஆனார். மத்தியப் பிரதேசத்தில் உதயநகர் என்ற ஊருக்குப் போய் ஏழைகளுக்கு உழைத்தார்.

அங்கே ஆதிவாசி மக்கள் வட்டிக்குக் கடன் வாங்கி, வாழ்நாள் முழுவதும் அதைக் கட்ட முடியாமல் தவித்தார்கள். சொந்தக் காலில் நிற்க அவர்களுக்கு வழி காட்டினார், ராணி மரியா. வட்டிக்கு விட்டவர்களுக்கு இது பிடிக்குமா? பகை வளர்ந்தது.

1995-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந்தேதி. ராணி மரியா இந்தூருக்குப் பஸ்சில் போய்க்கொண்டிருந்தார். சமந்தர் சிங் என்ற வாலிபன் பயணிகள் கண் எதிரிலேயே அவரைக் கத்தியால் குத்தினான். உடம்பில் 54 காயங்கள்! அப்போது அவருக்கு வயது 41.

சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

தங்கை வந்தார்

தன்னைத் தூண்டிவிட்டவரைப் பழி வாங்க வேண்டும் என்று ஜெயிலில் அவன் கறுவிக்கொண்டிருந்தான். பின்னாளில் அவனே இதைச் சொன்னான்.

சுவாமி சதானந்த் என்ற பாதிரியார் அவனை அடிக்கடி சந்தித்தார். அவன் மனதை இளக வைத்தார்.

2002-ம் ஆண்டு ரக்ஷா பந்தன் சமயத்தில் ராணி மரியாவின் தங்கை செல்மி பால் ஜெயிலுக்கு வந்தார். அவரும் கன்னியாஸ்திரீதான். வடநாட்டில் சகோதரன் கையில் சகோதரி கட்டுவது ராக்கி. அதை அவன் கையில் கட்டினார். கத்தி பிடித்த கை அது!

ராணி மரியாவின் தாயார் எலீஸ்வாவும் அவனை மன்னித்தார். மகளின் ரத்தம் பட்ட அந்தக் கையை முத்தமிட்டார். பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்!

குடும்பத்தார் அதோடு நிற்கவில்லை. அவனை விடுதலை செய்யும்படி மனுவும் கொடுத்தார்கள். 11 ஆண்டுகளுக்கு மேல் தண்டனை அனுபவித்தபின், 2006-ல் அவன் விடுதலை ஆனான். மறு ஆண்டு கேரளாவுக்குப் போய், அந்தக் குடும்பத்தைச் சந்தித்தான். பழி வாங்கும் எண்ணம் போய்விட்டது. இன்னொரு கொலை நடக்கவில்லை.

2017-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு "அருளாளர்" பட்டம் வழங்கப்பட்டது. புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி இது.

ஏழு வருடம்

ஒன்றைக் கவனியுங்கள். கொலை நடந்தது 1995-ல். ராக்கி கட்டியது 2002-ல். நடுவில் ஏழு வருடம்! மன்னிப்பு ஒரே நாளில் வந்துவிடாது. நடந்த தவறு சரி என்றும் அதற்குப் பொருள் அல்ல. சட்டம் தன் கடமையைச் செய்தது. குடும்பம் தன் பகையை விட்டது.

எத்தனை தடவை மன்னிக்க வேண்டும், ஏழு தடவை போதுமா என்று ஏசுவிடம் பேதுரு கேட்டார். ஏழு போதாது, கணக்கே பார்க்கக்கூடாது என்பதுதான் ஏசுவின் பதில். கோவிலில் காணிக்கை செலுத்தப் போகும்போது சகோதரனோடு மனஸ்தாபம் இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய் சமாதானம் ஆகும்படியும் அவர் போதித்தார்.

நம் வீட்டில்...

நம் வீட்டுச் சண்டைகள் என்ன? கல்யாணத்துக்குச் சரியாக அழைக்கவில்லை. சீர் குறைந்துவிட்டது. வரப்பை ஓர் அடி தள்ளிப் போட்டுவிட்டான். இதற்காக அண்ணனும் தம்பியும் பத்து வருடம் பேசாமல் இருக்கிறார்கள். சாவு வீட்டில்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்!

பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். எதிரே வந்தால் "சவுக்கியமா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுநாளும் கேளுங்கள். பண்டிகை அன்று பலகாரம் கொடுத்து அனுப்புங்கள்.

செல்மி பால் கடக்க வேண்டியிருந்தது ஜெயில் வாசலை. நீங்கள் கடக்க வேண்டியது ஒரு தெருவைத்தான்!