விழுகிற ஆடும் விழக்கூடாத உடலும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் ஒரு தறி இருக்கிறது. அண்ணன் நெய்கிறார். அவர் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தறிக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு செல்போனில் ஒரு ஆட்டை ஓட்டிக்கொண்டிருப்பான். மேய்ப்பது இல்லை. அந்த ஆடு வேலியை முட்டி உடைக்கும், காரில் அடிபட்டுப் பறக்கும், நாலு காலும் நாலு திசையில் போக உருண்டு கிடக்கும், பிறகு எழுந்து நடக்கும். நாக்கை நீட்டினால் எது கிடைக்கிறதோ அது நாக்கில் ஒட்டிக்கொண்டு பின்னாலேயே இழுபடும்.

"இதுல என்னடா பண்ணணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண வேணாம் சித்தப்பா."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மா."

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் சும்மா என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. தாயுமானவர் வரைக்கும் போய்விடுவான். நான் போகவில்லை. போனை வாங்கி ஒரு மணி நேரம் ஆட்டை ஓட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சினிமாவை வாசித்த நாம், கட்-அவுட்டையும் சுவரொட்டியையும்கூடப் பிரதியாக வாசித்த நாம், வீடியோ விளையாட்டு என்றதும் 'பிள்ளைங்க கெட்டுப்போகுது' என்று பள்ளிக்கூட வாத்தியார் குரலுக்கு மாறிவிடுகிறோம்.

விளையாட்டின் பெயர் கோட் சிமுலேட்டர். ஸ்வீடனில் காஃபி ஸ்டெயின் ஸ்டூடியோஸ் என்ற சிறிய நிறுவனம் 2014 ஜனவரியில் வேடிக்கைக்காகச் செய்து பார்த்தது. அதன் வீடியோவைப் பார்த்தவர்கள் விடாமல் கேட்டதால் அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, முட்டாள்கள் தினத்தில், விற்பனைக்கு வந்தது. விளையாட்டு நின்றுபோகச் செய்கிற பிழைகளை மட்டும் திருத்திவிட்டு, சிரிப்பு வரவழைக்கிற மற்ற பிழைகளை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். ஆட்டின் கழுத்து ரப்பர் போல நீளும், தலை சுவருக்குள் மாட்டிக்கொண்டு உதறும். எல்லாம் அப்படியே இருக்கிறது. செய்தவர்களே சொல்லிவிட்டுச் செய்த அரைகுறை வேலை.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கமான விளையாட்டில் கதாநாயகனின் நடை முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டது. பொத்தானை அழுத்தினால் அந்த நடை ஓடும். கால் எங்கே ஊன்ற வேண்டும், கை எவ்வளவு வீச வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே தீர்மானமானவை. இன்னொரு வழி, உடலைப் பல கட்டைகளாக வைத்து மூட்டுகளால் இணைத்துவிட்டு, எடை, வேகம், மோதல் இவற்றை நொடிக்குப் பல முறை கணக்கிட்டு உடல் எப்படிச் சரியும் என்பதை அந்தக் கணக்கிடமே விட்டுவிடுவது. இதற்கு ராக்டால், அதாவது துணிப்பொம்மை என்று பெயர். பாவைக்கூத்துப் பொம்மையின் நூலை அறுத்துவிட்டால் விழுமே, அந்த மாதிரி விழுவது. இதில் ஒரு தடவை விழுந்த மாதிரி இன்னொரு தடவை விழாது. யாரும் வரைந்து வைக்காத ஒரு விழுகையை நாம்தான் முதலில் பார்க்கிறோம்.

1998இல் வந்த ட்ரெஸ்பாஸர் என்ற ஜுராஸிக் பார்க் விளையாட்டில் டைனோசர்களின் நடையை இப்படிக் கணக்கிட்டே உருவாக்க முயன்றார்கள். பயமுறுத்த வேண்டிய மிருகங்கள் குடிகாரன் போலத் தள்ளாடின. எல்லோரும் சிரித்தார்கள், விளையாட்டு தோற்றது. பதினாறு வருடம் கழித்து அதே தள்ளாட்டம் ஆட்டின் உடம்பில் சரக்காகிவிட்டது.

இடைப்பட்ட காலத்தில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் நடந்தது. 2000த்துக்குப் பிறகு துப்பாக்கி விளையாட்டுகளில் ராக்டால் பரவியது. யாருக்கு? பெரும்பாலும் பிணங்களுக்கு. உயிரோடு இருக்கும்வரை வீரனின் உடல் வரையப்பட்ட நடைக்குள்தான் இருக்கும். குண்டு பட்டுச் செத்த கணத்தில்தான் அவன் புவியீர்ப்பிடம் ஒப்படைக்கப்படுவான், படிக்கட்டில் உருளுவான், கை ஒரு பக்கம் தொங்கும். உயிருள்ள உடலுக்கு ஒழுங்கு, செத்த உடலுக்கு இயற்பியல். ஃபூக்கோ பேசிய பயிற்றுவிக்கப்பட்ட உடலை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது. கோட் சிமுலேட்டரில் ஆடு சாவதே இல்லை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் எழுந்துவிடும். ஒரு பொத்தானை அழுத்தினால் சும்மா நடந்துகொண்டிருக்கும்போதே தொளதொளவென்று சரிந்துவிடும். பிணத்துக்கு மட்டும் கிடைத்த சுதந்திரம் இங்கே உயிரோடிருக்கிற ஒன்றுக்குக் கிடைத்திருக்கிறது. விழுகிற மனிதனிடம் யந்திரத்தனத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று பெர்க்ஸன் 1900இல் எழுதினார். இந்த ஆட்டைப் பார்க்கிறபோது எனக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது: யந்திரத்தின் பிடி நழுவுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இதை நான் தறி இருக்கிற வீட்டிலிருந்துதான் பேச முடியும். குழித்தறியில் கால் இரண்டும் குழிக்குள், மிதியின் மேல். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொன்று, மூன்று நாடா. ஒரு பக்கத்துக் கரையின் நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆளாகப் பெரும்பாலும் குழந்தைகள்தான் இருந்தார்கள், ரொம்ப வருடம். நானும் இருந்தேன், பத்து வயதில், பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் போய்வந்த பின்னும். ஒரு நாள் தூக்கத்தில் நாடாவைத் தப்பாகப் போட்டு, யாரும் கவனிக்காமல் நாலு விரல்கிடை நெய்து முடித்துவிட்டோம். புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் விரித்துப் பார்த்து, விரலை அங்கேயே வைத்து, கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை. எவ்வளவு பிடித்தார்கள் என்பதை மட்டும் சொன்னார். எனக்கு இன்றுவரை அந்தத் தொகை ஞாபகம் இருக்கிறது.

ஒரு பிழை என்றால் ஒரு தொகை. இந்தக் கணக்கில் வளர்ந்த உடம்புக்கு, விழுந்தால் எதுவும் பிடிக்கப்படாத ஒரு உலகம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. மற்ற விளையாட்டுகள் எல்லாம் தறியைப் போலத்தான்: தவறினால் உயிர் போகும், முதலிலிருந்து தொடங்கு. பென்னட் ஃபாடி 2008இல் செய்த க்வாப் என்ற விளையாட்டில் ஓட்டக்காரனின் தொடைக்கு இரண்டு பொத்தான், கெண்டைக்காலுக்கு இரண்டு. நடப்பதே கைத்தொழிலாகிவிடும். அதிலும் சிரிப்பு உண்டு. ஆனால் மனிதன் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. 2019இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாத்து விளையாட்டில் தோட்டக்காரனின் சாவியைத் திருடு, தொப்பியைப் பறி என்று கையில் ஒரு வேலைப் பட்டியல். குறும்புக்கும் பட்டியல்! ஆட்டுக்கும் பட்டியலும் மதிப்பெண்ணும் இருக்கின்றன. அவற்றை மறந்துவிட்டாலும் யாரும் கேட்பதில்லை.

ஏன் விலங்கு, ஏன் ஆடு? மனிதன் விழுந்தால் வலியும் அவமானமும் கூடவே விழுகின்றன. ஆட்டுக்கு அவமானம் கிடையாது. அதோடு நிஜ ஆடு விழாது. எங்கள் தெருவில் அரையடி அகல மதில்மேல் ஆடு நின்று அசைபோடுவதைத் தினமும் பார்க்கலாம். கால் தவறாத மிருகத்தைக் கால் தவறுகிற நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் வேடிக்கை. நம் ஊர் ஆடு கணக்குக்கு வெளியே நின்றதும் இல்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்துக்கு நான்கு. 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003இல் அரசு தீவிரமாக அமல்படுத்தக் கிளம்பி, 2004இல் அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொண்டது. நாமும் அப்போது சிறுதெய்வங்களுக்காக வாதாடினோம், நியாயமாகவே. ஆடு அந்த வாதத்தில் சரக்காக மட்டுமே இருந்தது.

உடனே பக்தினை அழைத்து இது கொண்டாட்டம், கலகம் என்று எழுதிவிட நண்பர்களுக்குக் கை துறுதுறுக்கும். எனக்குத் தயக்கம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கட்டைக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவை எதிரிலேயே கிண்டலடிப்பான். விடிந்ததும் அவனும் களத்து வேலைக்குப் போக வேண்டும். இங்கே அதுவும் இல்லை, விடிகிற வரை சேர்ந்து சிரிக்க ஒரு ஊர்கூட இல்லை, தனித்தனிச் செல்போன்கள்தான். பிழையை விற்ற அந்தச் சின்ன நிறுவனத்தை 2018இல் ஒரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2022இல் அடுத்த ஆடு வந்தது. இரண்டாவதைச் செய்யாமலே மூன்று என்று எண் போட்டது நல்ல நகைச்சுவை. ஆனால் வேண்டுமென்றே செய்யப்பட்ட பிழைக்கும் தூக்கத்தில் கை தவறுவதற்கும் நடுவே தூரம் அதிகம். முதலாவதற்குக் காசு கொடுக்கிறார்கள், இரண்டாவதற்குப் பிடிக்கிறார்கள்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அறுந்த இழையை முடிந்துவிட்டு, "குடு, பாக்கலாம்" என்று குழிக்குள் உட்கார்ந்தபடியே போனை வாங்கினார். ஆட்டைச் சாலையின் ஓரமாக நேராக நடத்திக்கொண்டு போனார். கார் வந்தால் நிறுத்தினார். வேலி வந்தால் சுற்றிப் போனார். ஐந்து நிமிடம் ஆகியும் ஒரு இடத்திலும் இடிக்கவில்லை.

"அப்பா, அப்படி இல்லப்பா, இடிங்க" என்று பையன் கத்தினான்.

"எதுக்குடா?" என்றார் அண்ணன்.