வழங்கியில்லாக் கணிமையும் தமிழெழுத்தின் அளவும்

காஜாங் நகரை வந்தடையும் எம்ஆர்டி தொடர்வண்டிகளில் ஓட்டுநர் இல்லை. அவ்வழித்தடம் 2017ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் முழுமையாகத் திறக்கப்பட்டது முதல், அவ்வண்டிகளை 'ஓட்டுநரில்லா வண்டிகள்' என்றே நாம் வழங்கி வருகிறோம். அவற்றின் ஓட்டத்தைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் இடைவிடாது கண்காணித்து வருகின்றனர். ஆகவே 'ஓட்டுநரில்லா' என்னும் அடை, வண்டிக்குள் ஓட்டுநர் இல்லை என்பதை மட்டுமே சுட்டும்; பொறுப்பேற்பார் எவரும் இல்லை என்று பொருள்படாது.

கணினித்துறையில் வழங்கும் 'செர்வர்லெஸ்' என்னும் சொல்லையும் இவ்வாறே பொருள்கொள்ளுதல் வேண்டும். தமிழில் இதனை 'வழங்கியில்லாக் கணிமை' என்கிறோம். வழங்கி உண்டு, அதனை வாங்கிப் பேணும் வேலை மட்டுமே நமக்கு இல்லை. நாம் எழுதிய சிறு நிரலாகிய செயற்கூறு, அழைப்பு வரும்போது இயங்கி, விடை தந்து, ஓய்ந்துவிடும். அமேசான் நிறுவனம் 2014ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்த 'லாம்டா' சேவை இம்முறையைப் பரவலாக்கியது. 2024 ஆகஸ்டில் அந்நிறுவனம் மலேசியாவிலும் தன் முகில் வட்டாரத்தைத் திறந்தது. ஆதலால், தமிழ்ச் சொற்பிழை திருத்தி ஒன்றை உருவாக்குவோர் அதனை இந்நாட்டு மண்ணிலேயே இயக்க இயலும்.

வழங்கி கண்ணுக்குத் தெரியாததால் அதன் கொள்ளளவு எல்லையற்றது என்று கருதிவிடலாகாது. லாம்டா செயற்கூறு ஒன்றுக்கு 128 முதல் 10,240 மெகாபைட்டு வரை நினைவகம் ஒதுக்கலாம். ஓர் இயக்கம் 15 நிமிடத்திற்கு மேல் நீடிக்க இயலாது. ஒரு கணக்கின்கீழ் ஒரு வட்டாரத்தில் ஒரே நேரத்தில் இயங்கக்கூடியவை பொதுவாக 1,000. புதிய கணக்குகளுக்கு இது குறைவாகவும் இருக்கக்கூடும். கட்டணம் ஒதுக்கிய நினைவகத்தையும் இயங்கிய காலத்தையும் பொறுத்தது. எழுத்தொலியின் மாத்திரையைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் வரையறுத்தார் தொல்காப்பியர். இங்கோ காலம் மில்லி வினாடிக் கணக்கில் அளக்கப்படுகிறது.

இனி, எவற்றை நோக்க வேண்டும் எனக் காண்போம். கிளவுட்வாட்ச் என்னும் கண்காணிப்புக் கருவி அழைப்புகளின் எண்ணிக்கை, பிழைகள், கால அளவு, மறுக்கப்பட்ட அழைப்புகள், உடனிகழும் இயக்கங்கள் ஆகியவற்றைத் தானாகவே காட்டும். நினைவகப் பயன்பாடு இவ்வரிசையில் இல்லை. ஒவ்வோர் இயக்கத்தின் முடிவிலும் செயற்பதிவில் எழுதப்படும் அறிக்கை வரியில் ஒதுக்கிய அளவும் பயன்பட்ட உச்ச அளவும் அடுத்தடுத்து நிற்கும். 512 மெகாபைட்டு ஒதுக்கி 490 பயன்பட்டிருந்தால், சற்று நீண்ட கட்டுரை ஒன்று வந்தாலே இயக்கம் முறியக்கூடும். 2,048 ஒதுக்கி 150 மட்டுமே பயன்பட்டிருந்தால் பொருள் வீணாகலாம். எனினும் உடனே குறைத்துவிடலாகாது. நினைவகத்தைக் குறைத்தால் செயலியின் ஆற்றலும் அதே விகிதத்தில் குறையும். அதனால் காலம் நீளலாம். சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்தலே நெறி.

சராசரியை மட்டும் நம்புதலும் தீது. 100 அழைப்புகளில் 99 ஒவ்வொன்றும் 1 வினாடியிலும், எஞ்சிய ஒன்று 60 வினாடியிலும் முடிந்தால், சராசரி 1.59 வினாடியே. காத்திருந்து சலித்த அந்த ஒருவர் இவ்வெண்ணில் மறைந்துபோகிறார். ஆகவே சராசரியுடன் உச்ச அளவையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

உடனிகழ்வைக் கணிக்க எளிய பெருக்கல் போதும். வினாடிக்கு வரும் அழைப்புகளை ஓர் இயக்கத்தின் கால அளவால் பெருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இணையவழிப் போட்டி ஒன்றில் ஒரே வேளையில் நுழைவதாகக் கொள்வோம். வினாடிக்கு 400 அழைப்புகள் வந்து, ஒவ்வொன்றும் 3 வினாடி எடுத்தால், தேவை 1,200. எல்லை 1,000 எனின், மிஞ்சியவை மறுக்கப்படும். நிரலைச் செம்மையாக்கி 2 வினாடிக்குக் கொணர்ந்தால் தேவை 800 ஆகும். எல்லையை உயர்த்தாமலே அனைவருக்கும் இடம் கிடைத்துவிடும்.

இவ்வளவும் எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கென ஒரு தனிக்கூறும் உண்டு. இலக்கணப்படி 'தமிழ்' என்பது மூன்றெழுத்துச் சொல். ஒருங்குறியில் அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு கொள்வதால் மொத்தம் 15 பைட்டு. அப்பெயரையே உரோமன் எழுத்தில் எழுதினால் 5 பைட்டு போதும். விடைக்குக் காத்திருக்கும் ஓர் அழைப்பில் 6 மெகாபைட்டு வரை அனுப்பலாம். அதனுள் உரோமன் எழுத்துகள் 60 இலட்சத்திற்கு மேல் அடங்கும். தமிழ்க் குறியீடுகளோ ஏறத்தாழ 20 இலட்சமே. நீண்ட உரையைப் பைட்டுக் கணக்கில் துண்டாக்கினால் எழுத்தின் நடுவே வெட்டு விழக்கூடும். குறியீட்டுக் கணக்கில் துண்டாக்கினாலும் 'ழ்' தன் புள்ளியை இழந்து 'ழ' ஆகிவிடலாம். எனவே ஆங்கில உரையைக் கொண்டு செய்த சோதனை, தமிழுக்குரிய கொள்ளளவைக் காட்டாது.

2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடிய காலத்தில், தமிழைக் கணினியில் ஏற்றுவது எவ்வாறு என்பதே நம் முதன்மை வினாவாக இருந்தது. இன்று, ஏறிய தமிழ் நெரிசலிலும் தடைபடாமல் இயங்குமா என்பதே வினா. சேவை மறுக்கப்படும்போது பயனர் 1,000 என்னும் எல்லையைக் காண்பதில்லை. விடை வராத திரையையே காண்கிறார். கணினிக்குத் தமிழ் ஒத்துவராது என்று அவர் முடிவுகட்டிவிட்டால், அளக்கத் தவறியோரின் பிழை மொழியின்மேல் ஏறிவிடுகிறது.

ஆதலின், தமிழ்ச் சேவை நடத்துவோர் மூன்றினைக் கைக்கொள்ளல் வேண்டும். உண்மையான தமிழ் உரைகளைக் கொண்டே, மிக நீண்டவற்றையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். உடனிகழ்வு எல்லையின் முக்காற்பங்கை எட்டும்போதே எச்சரிக்கை வருமாறு அமைக்க வேண்டும். செலவுக்கும் ஓர் வரம்பு குறித்து, அதனை நெருங்கும்போது அறிவிப்பு பெற வேண்டும். இவற்றுக்கு ஒரு பிற்பகல் போதும். போட்டி நாளுக்கு முந்திய வாரத்தில் அதனை ஒதுக்கிவிடுதல் நன்று.