அறுந்த இணைப்பும் பழைய தொகையும்

சென்ற ஆண்டு ஏப்ரல் திங்களில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. மார்ச் 31-ஆம் தேதியன்று கிடங்கிலிருந்த நூலின் மதிப்பு ரூ. 1,38,400 என்று ஆண்டுப் பட்டியலில் அச்சாகியிருந்தது. சிட்டங்களையும் கோன்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். ரூ. 1,12,900 மதிப்புள்ள நூலே இருந்தது. குறைவு ரூ. 25,500.

கிடங்கைக் கவனித்து வந்த அங்கத்தினர் முப்பது ஆண்டுகள் குழித்தறியில் நெய்தவர். முழங்கால் வலியால் குழியில் இறங்க இயலாமற் போனபின் சங்கம் அவரைக் கிடங்கில் அமர்த்தியிருந்தது. நிர்வாகக் குழுவினரில் இருவர் அப்பொழுதே குரலை உயர்த்தினர். 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படித் தண்டத் தீர்வை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், இல்லையேல் பொதுப் பேரவையில் போனஸ் கேட்கும் நெசவாளர்களுக்குத் தாங்கள் என்ன விடை சொல்வது என்றும் கேட்டனர். கிடங்குக்காரர் தம் இருப்புப் புத்தகத்தை நம் முன் விரித்து வைத்தார். "ஐயா, நான் எழுதியது இது. அவர்கள் அச்சடித்துக் கொண்டுவந்தது அது. இரண்டும் வேறு வேறாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்வேன்?" என்றார்.

அவர் புத்தகத்தில் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் பதினேழு நெசவாளர்களுக்குப் பாவும் ஊடையும் வழங்கியதாகப் பதிவு இருந்தது. கணக்கை நேர் செய்வதற்காகப் பின்னால் எழுதிச் சேர்த்திருப்பார் என்பது குழுவினர் வாதம். நாம் அந்தப் பதினேழு பேர் வீடுகளுக்கும் சென்று பாஸ் புத்தகங்களை வாங்கிப் பார்த்தோம். தேதியும் எடையும் ஒன்று தவறாமல் ஒத்திருந்தன. நூல் தறியில் ஏறியிருந்ததையும் கண்ணால் கண்டோம். ஆகவே புத்தகம் சரி. பட்டியல்தான் பிழை. பிழை எப்படி வந்தது என்பதைக் கண்டறிய அன்று மாலை முழுவதும் அலுவலகக் கணினியின் முன் உட்கார வேண்டியதாயிற்று.

அங்கு நாம் கண்டதை அங்கத்தினர்கள் அனைவரும் அறிந்திருத்தல் நலம். இன்று கணினியில் கணக்கு எழுதாத சங்கம் அரிது. ஆனால் ஒரு கணினியில் எழுதியதை மற்றொரு கணினிக்குக் கொண்டுபோகும்போது என்ன நேர்கிறது என்பதைச் சங்கங்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

அச்சங்கத்தில் நூல் இருப்புக்கு ஒரு கோப்பு, கூலிக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று என மூன்று எக்ஸெல் கோப்புகள் இருந்தன. நான்காவதாக ஒரு தொகுப்புப் பட்டியல். அதில் தொகைகளைக் கையால் எழுதுவதில்லை. மற்ற மூன்றிலிருந்தும் மொத்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி இணைப்புகள் அமைத்திருந்தனர். நல்ல ஏற்பாடுதான், இருமுறை எழுதும் வேலையும் எழுத்துப் பிழையும் மிச்சம். ஆனால் இணைப்பு என்பது பொருளன்று, பொருள் இருக்கும் இடத்தின் விலாசம் மட்டுமே. விலாசம் மாறினால் தபால்காரர் திரும்பி விடுவார். கணினியோ திரும்பி வந்ததைப் பல வேளைகளில் உரக்கச் சொல்வதில்லை. முன்பு கொண்டுவந்த தொகையையே அவ்விடத்தில் காட்டிக்கொண்டிருக்கும்.

காரியதரிசியின் கணினியில் விண்டோஸ். குமாஸ்தா தம் சொந்த மடிக்கணினியில் லினக்ஸ் வைத்திருந்தார். அவர் நூல் இருப்புக் கோப்பையும் தொகுப்புப் பட்டியலையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சென்று, மார்ச் கடைசி வாரத்து வழங்கல்களை இருப்புக் கோப்பில் ஒழுங்காகவே பதிந்தார். பிறகு தொகுப்புப் பட்டியலை லிப்ரே ஆபீஸில் திறந்தார். வெளிக்கோப்பு இணைப்புகள் புதுப்பிக்கப்படவில்லை, அனுமதிக்கலாமா என்று மேலே ஒரு பட்டை தோன்றியது. ஏதோ விளம்பரம் என்றெண்ணி அதை மூடிவிட்டார். அச்சடித்தார். பழைய ரூ. 1,38,400 அப்படியே காகிதத்தில் வந்தது.

அனுமதித்திருந்தாலும் பயன் இராது என்பதுதான் இதில் விசேஷம். இணைப்பில் எழுதியிருந்த விலாசம் "டி:\கணக்கு\இருப்பு" என்பது. லினக்ஸில் "டி" என்று ஒரு பிரிவே கிடையாது.

இந்த வேற்றுமை பழையது. 1981-இல் வந்த எம்.எஸ்.-டாஸ் இயங்குதளம், தனக்கு முந்திய சி.பி.எம். வழக்கத்தைப் பின்பற்றித் தட்டுகளுக்கு எழுத்துக்களைப் பெயராக வைத்தது. ஏ, பி இரண்டும் பிளாப்பித் தட்டுகளுக்கு, நிலைத்தட்டுக்கு சி. பிளாப்பி மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் விண்டோஸ் இன்னும் சி-யிலிருந்தே தொடங்குவது அதனால்தான். கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் வசதி 1983-இல் அதற்கு வந்தபோது, சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளில் வேறு வேலைக்கு உபயோகத்தில் இருந்தமையால், பெயர்களைப் பிரிக்கப் பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டனர். பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் வழியோ வேறு. அங்கு எல்லாம் ஒரே மரம். வேர் ஒன்று, கிளைகள் பல, பிரிப்பது முன்சாய்கோடு. லினக்ஸும் மேக்கும் அவ்வழி வந்தவை. பென்டிரைவைச் செருகினால் விண்டோஸ் அதற்கு "இ" என்றோ "எஃப்" என்றோ எழுத்துக் கொடுக்கும். லினக்ஸும் மேக்கும் மரத்தின் ஒரு கிளையில் அதைப் பெயர் சொல்லித் தொங்கவிடும். ஒரு வீட்டு விலாசத்தை மற்றொரு வீட்டார் படிக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

பரிகாரம் எளிது. விலாசத்தை முழுமையாக எழுதாமல் ஒப்பு வழியில் எழுதவேண்டும். "இன்ன ஊர், இன்ன தெரு, கதவு எண் இன்னது" என்பது முழு விலாசம். "அடுத்த வீடு" என்பது ஒப்பு விலாசம். குடும்பத்தோடு எந்த ஊருக்குப் பெயர்ந்தாலும் அடுத்த வீட்டாரும் உடன் வந்தால் அது பொய்க்காது. எக்ஸெல்லில் இதற்கெனத் தனி விசை தேட வேண்டுவதில்லை. தொகுப்புப் பட்டியலும் அது பார்க்கும் கோப்புகளும் ஒரே கோப்புறையில் இருந்து, அந்நிலையில் சேமிக்கப்பட்டால், அது வெறும் பெயரை மட்டுமே எழுதிக்கொள்கிறது. ஒன்று சி-யிலும் ஒன்று டி-யிலும் இருந்தால் முழு விலாசத்தையே எழுதும். அச்சங்கத்தில் நேர்ந்தது இதுதான். லிப்ரே ஆபீஸில் விருப்பங்கள் பகுதியில் இணைப்புகளை ஒப்பு வழியிற் சேமிக்கும் குறி உண்டு. அது இடப்பட்டிருக்கிறதா என ஒருமுறை பார்த்துக்கொள்வது போதும். பிறகு எடுத்துச் செல்லும்போது கோப்புறை முழுவதையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு கோப்பை மட்டும் உருவக் கூடாது.

முன்பே அறுந்த இணைப்பைச் சேர்ப்பதும் கடினமன்று. எக்ஸெல்லில் "டேட்டா" பட்டியலில் "எடிட் லிங்க்ஸ்" என்றும், புதிய பதிப்புகளில் "வொர்க்புக் லிங்க்ஸ்" என்றும் ஓரிடம் உண்டு. லிப்ரே ஆபீஸில் "எடிட்" பட்டியலில் வெளிக்கோப்பு இணைப்புகள் என இருக்கும். அங்கே எந்தக் கோப்பை எந்த விலாசத்தில் தேடுகிறது என்பது தெரியும். மூலத்தை மாற்றும் விசையை அழுத்திக் கோப்பு இப்போது இருக்குமிடத்தைக் காட்டினால், அக்கோப்பைச் சார்ந்த எல்லாக் கட்டங்களும் ஒரே தடவையில் நேராகும். பாவு பிணைப்பவர் இழை இழையாகப் பிணைக்கவேண்டும். இங்கு அந்தச் சிரமம் இல்லை. அருகிலேயே "பிரேக் லிங்க்" என்றொரு விசை உண்டு. அது பழுது பார்ப்பதன்று. சூத்திரத்தை அழித்து, அப்போது தெரியும் தொகையை நிலையாக எழுதிவிடும். தணிக்கைக்கு அனுப்பும் இறுதிப் பிரதியில் அதைச் செய்யலாம். நாள்தோறும் எழுதும் கோப்பில் செய்தால் அன்றோடு அக்கணக்கு உயிரிழந்ததாகும்.

பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயரிடுவோர் முதலெழுத்தை ஓரிடத்தில் பெரிதாகவும் ஓரிடத்தில் சிறிதாகவும் எழுதுவர். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு இரண்டும் வேறு. லினக்ஸில் பெயரிடும்போது முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இடலாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. கோன் நூலுக்கென ஒரு சங்கத்தார் சி, ஓ, என் என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களால் ஒரு கோப்புறை உண்டாக்க முயன்று, விண்டோஸ் மறுப்பதைக் கண்டு கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதென்று நமக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். வைரஸ் ஒன்றுமில்லை. அம்மூன்றெழுத்தை டாஸ் காலத்திலேயே திரைக்கும் விசைப்பலகைக்கும் பெயராக ஒதுக்கி வைத்துவிட்டனர். அந்த ஒதுக்கீடு இன்றும் நிற்கிறது.

தமிழில் பெயரிட்டால் பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தொல்லை இல்லை. நாம் அதையே விரும்புகிறோம். ஆயினும் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அதை அறிந்தவர் சிலரே. "கொள்முதல்" என்னும் சொல்லின் முதலெழுத்தைப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என இரு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலை. ஆப்பிள் நிறுவனம் 2017-இல் புதிய கோப்பு முறைக்கு மாறும்வரை மேக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வைத்து வந்தன. லினக்ஸோ பெயரை எண்களின் வரிசையாக மட்டுமே ஒப்பிடும். பழைய மேக்கிலிருந்து வந்த "கொள்முதல்" கோப்பு கண்ணெதிரே இருக்க, இணைப்பு அதைக் காணவில்லை என்று சொல்லும். ஒரே பெயரில் இரு கோப்புகள் ஒரே கோப்புறையில் இருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். "ஸ்ரீ" என்ற எழுத்தும் இவ்வாறே இருவகையில் எழுதப்படுகிறது. ஆதலின் சங்கப் பெயரில் ஸ்ரீ உள்ளவர்கள் அதைக் கோப்புப் பெயரில் சேர்க்காதிருப்பது நல்லது. சந்தேகம் வந்தால் பெயரை அழித்து, இணைப்பு எழுதிய அதே கணினியிலேயே மீண்டும் தட்டெழுதி, மூலத்தை மறுபடி காட்டுக. "வரவு", "இருப்பு", "கூலி" என்பன போன்ற பெயர்களுக்கு இத்தொல்லை எதுவும் இல்லை.

விளைபொருள் விற்பனைச் சங்கத்தார்க்கும் இரண்டு சொற்கள். மின்னஞ்சலில் வந்த விலைப்பட்டியலை இரண்டாம் முறை இறக்கினால் கணினி பெயரின் பின்னே (1) என்று சேர்க்கும். இணைப்பு பழைய பெயரைத்தான் தேடும், பழைய விலையைத்தான் காட்டும். மேலும், மேசைத்திரையில் உள்ள குறுக்குவழிப் படத்தைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு கோப்பையே கொண்டுவந்ததாக எண்ணும் பிழை இன்னும் நிற்கவில்லை. அது வெறும் வழிகாட்டிப் பலகை. வேறு கணினியில் அதற்குக் காட்ட வழியில்லை. இந்தக் காரணத்தால் வட்ட அலுவலகத்துக்கு முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து வெறுங்கையோடு திரும்பிய காரியதரிசிகளை நாம் அறிவோம்.

அன்று மாலை நான்கு கோப்புகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, மூலங்களை மறுபடி காட்டிச் சேமித்தோம். நூல் இருப்பு ரூ. 1,12,900 என மாறியது. அக்கோப்புறையைக் குமாஸ்தாவின் மடிக்கணினிக்கு மாற்றி, இருப்புக் கோப்பில் ஒரு சிட்டத்தின் விலையை வேண்டுமென்றே கூட்டிச் சேமித்துவிட்டு, தொகுப்புப் பட்டியலைத் திறந்து, மேலே தோன்றிய பட்டையில் அனுமதி கொடுத்தோம். மொத்தமும் அவ்வளவே கூடியது. பிறகு பழையபடி திருத்தினோம். இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. அச்சடித்த பட்டியலின் ஒவ்வொரு மொத்தத்துக்கும் எதிரே மூலப் புத்தகத்தின் பக்க எண்ணைக் கையால் எழுதி, எழுதியவரும் ஒப்பிட்டவரும் கையொப்பமிடும் வழக்கத்தை அச்சங்கம் அன்று முதல் மேற்கொண்டுள்ளது.

தண்டத் தீர்வை பற்றிய பேச்சை நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் கைவிட்டு, கிடங்குக் கணக்கு சரியென்று தீர்மானம் எழுதியது. கிடங்குக்காரர் அத்தீர்மானத்தின் நகல் ஒன்று கேட்டுப் பெற்று, தம் இருப்புப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். குரலை உயர்த்திய இருவரில் ஒருவர் மறுநாள் கிடங்குக்கு வந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று பின்னர் கேள்விப்பட்டோம்.