அவசரம் குடிக்கும் டீசல்

ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குக் கிளம்பும் பிக்கப் வண்டிக்கு வருகிற வாடகையில் பெரிய பங்கு டீசலுக்கே போய்விடுகிறது. வண்டிக்கு மாதத் தவணை, சுங்கக் கட்டணம், டயர், எஃப்.சி. செலவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. அதனால் மைலேஜ் கூடும் என்று சொல்லி எதை விற்றாலும் வாங்க ஆளிருக்கிறது. டேங்கில் ஊற்றும் திரவம், டீசல் குழாயில் மாட்டும் காந்தம், ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகும் சிப் என்று இந்தச் சந்தை விரிந்துகொண்டே போகிறது. ஆனால் தொலைதூர ஓட்டத்தில் டீசல் செலவைத் தீர்மானிப்பவை வேகமும் எடையும் டயர் காற்றும்தான். இவற்றில் முதல் இரண்டும் பல நேரங்களில் ஓட்டுநரின் கையிலேயே இல்லை. சரக்கு கொடுப்பவர் குறிக்கும் நேரமும் ஏற்றச் சொல்லும் மூட்டையும்தான் அவற்றை முடிவு செய்கின்றன. மைலேஜ் பேச்சு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் அந்தக் கருவிகள். எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் திரவங்களையும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டுகளாகச் சோதித்தோ ஆராய்ந்தோ பார்த்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டிய பொருள் எதுவும் அவற்றில் அகப்படவில்லை. ‘நான் மாட்டினேன், ஒன்றரை கிலோமீட்டர் கூடியது’ என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று பொருளல்ல. காசு கொடுத்து ஒன்றை மாட்டியவர் அடுத்த சில ஓட்டங்களில் தன்னையறியாமல் நிதானமாக ஓட்டுகிறார். கூடிய மைலேஜ் அந்த நிதானத்தால் வந்தது. பணம் மட்டும் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இ.சி.யூ. மென்பொருளை மாற்றி எழுதுவது, இ.ஜி.ஆர். வால்வை அடைப்பது, புகைவடிகட்டியைக் கழற்றுவது போன்ற வேலைகள் இன்னொரு வகை. தயாரிப்பாளர் நிர்ணயித்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 182-ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வாரண்டி கைவிட்டுப் போகும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்ய வழி கிடைக்கும். மெக்கானிக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார், வழக்கு ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர்மேல்தான் வரும்.

ஏமாந்தவருக்கு வழி இருக்கிறது. சரக்கு வண்டிக்கு வாங்கிய பொருள் வணிக நோக்கத்துக்கானது, அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று பலர் நம்புகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகவே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று அதன் விளக்கம் தெளிவாகவே கூறுகிறது. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் இதற்குள் வருவார். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவரின் நிலை வேறு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். தீராவிட்டால், தான் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் இந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். ஆகவே பில்லையும், ‘30 சதவீதம் மிச்சம்’ என்று வந்த விளம்பரத்தின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மைலேஜ் குறைவதற்குப் பங்க்தான் காரணம் என்ற சந்தேகமும் உண்டு. அளவில் ஐயம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல எந்த வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு. அடர்த்தி பார்க்கவும் கேட்கலாம். குறை இருந்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவிடம் முறையிடலாம். ஆனால் பங்கைக் குறை சொல்லுமுன், டேங்க் நிரம்ப ஊற்றி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று வகுத்துப் பார்க்க வேண்டும். முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் எந்தப் புகாருக்கும் ஆதாரமாகாது.

இனி வேகம். விஷயத்தின் கனம் இதில்தான் இருக்கிறது. காற்று வண்டியை எதிர்க்கும் விசை, வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. மணிக்கு 80 கி.மீ.யில் போகிற வண்டி 65-க்கு இறங்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. காற்றின் எதிர்ப்போ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார் காற்றைக் கிழித்துப் போகும்படி வழவழப்பாகச் செய்யப்படுகிறது. பிக்கப் அப்படியல்ல. தட்டையான கேபின், அதற்குப் பின்னால் ஒரு சந்து, பிறகு கேபினைத் தாண்டி எழும்பும் பிளாஸ்டிக் பெட்டிகள், மேலே தளர்வாகக் கட்டிய தார்ப்பாய். படபடவென்று அடித்துக்கொள்ளும் அந்தத் தார்ப்பாயின் ஓசை, என்ஜின் தன் வலுவைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஓசை. பெட்டிகளைக் கேபின் உயரத்துக்குள் அடுக்கி, தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, 60-க்கும் 65-க்கும் இடையில் டாப் கியரில் சீராகப் போனால் கிடைக்கும் மிச்சத்தை எந்தத் திரவமும் தராது. கணக்குக்காக, லிட்டருக்கு 11 கி.மீ. கொடுத்த வண்டி 13 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 450 கி.மீ. ஓட்டத்தில் 6 லிட்டருக்கு மேல் மிச்சம். இன்றைய விலையில் அது 500 ரூபாய்க்கு மேல், அதுவும் ஒருவழிக்கு.

‘65-இல் போனால் சந்தை முடிந்து போய்ச் சேருவோம், விலை விழுந்துவிடும்’ என்பது உடனே எழும் மறுப்பு. இதை லேசாகத் தள்ள முடியாது. அழுகும் சரக்குக்கு நேரம்தான் விலை. ஆனால் அந்த நேரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 450 கி.மீ. முழுவதும் எந்த வண்டியும் 80-இல் போவதில்லை. சுங்கச்சாவடி, ஊர்ப்பகுதி, மேம்பாலப் பணி, டீக்கடை எல்லாம் குறுக்கிடுகின்றன. தடையில்லாமல் ஓடும் தூரம் 300 கி.மீ. என்று கொண்டால், 80-க்கும் 65-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. லோடு ஏற்றுவதில் அந்த ஒரு மணி நேரம் சாதாரணமாகவே வீணாகிறது. மாலை 5 மணிக்கு லோடு என்று வரச் சொல்லி, 8 மணிக்கு ஏற்றி முடித்து, அதிகாலைக்குள் கோயம்பேட்டில் நிற்க வேண்டும் என்றால், சந்தையின் தாமதத்தை ஓட்டுநர் தன் டீசலாலும் தன் உயிராலும் ஈடுகட்டுகிறார்.

இந்த இடத்தில் சட்டம் ஓட்டுநருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியிருப்பது பலருக்குத் தெரியாது. வேக வரம்பை மீறி ஓட்டுபவரை மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்பவரையோ தன் கட்டுப்பாட்டில் உள்ளவரையோ அப்படி ஓட்ட வைப்பவரையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு தண்டிக்கிறது. அதோடு நிற்கவில்லை. வேக வரம்பை மீறாமல் போய்ச் சேரவே முடியாத ஒரு நேரத்தைக் குறித்து உத்தரவு கொடுத்தால், அந்த உத்தரவையே அவர் குற்றம் செய்ததற்கான முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ‘3 மணிக்குள் வண்டி நிற்கணும்’ என்று கைபேசியில் வரும் குரல் பதிவு வெறும் மிரட்டல் அல்ல, அது ஓர் ஆவணம். அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

எடையிலும் இதே கதைதான். ஆர்.சி.யில் குறித்த எடைக்கு மேல் ஏற்றினால் 194-ஆவது பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதிகப்படியை இறக்கும் செலவும் சேரும். இறக்காமல் வண்டி நகர முடியாது. ‘இரண்டு டிரிப் சரக்கை ஒரே டிரிப்பில் அடித்தால்தானே டீசல் மிச்சம்’ என்று கேட்பார்கள். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் தாளில் அது சரியாகவே வரும். ஆனால் பின் டயர்கள் சூடேறி வெடிப்பதும், பட்டை உடைவதும், கிளட்ச் தேய்வதும், பிரேக் பிடிக்கும் தூரம் நீள்வதும் அந்தத் தாளில் ஏறுவதில்லை. எடைக்கேற்ற காற்றழுத்தம் கதவோரத்து ஒட்டுத்தாளில் இருக்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பங்கில் இதற்குக் காசு வாங்கக் கூடாது. நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் திறன் 0.2 சதவீதம் குறைகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 10 குறைந்திருந்தால் நூற்றுக்கு 2 லிட்டர் வீண். காப்பாற்றப்படும் டயரின் விலையைப் பார்த்தால் அது சிறிய தொகைதான்.

மிச்சம் பிடிக்க நினைத்து உயிரை விடும் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொப்பூர் கணவாய் போன்ற இறக்கங்களில் நியூட்ரலில் விடுவதும், என்ஜினையே அணைத்துவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. இன்றைய டீசல் என்ஜினில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால், இறக்கத்தில் டீசல் பாய்ச்சுவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் சும்மா ஓடுவதற்கு டீசல் செலவாகும். என்ஜினை அணைத்தாலோ பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துபோகும், பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். லோடோடு இறங்கும் வண்டியை அதன்பின் காலால் நிறுத்துவது பெரும்பாடு.

தனி ஓட்டுநர் கமிஷன் மண்டிக்காரரிடம் சட்டம் பேசினால் அடுத்த நாள் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும் என்பது உண்மை. அதனால்தான் இது ஒருவர் பேசித் தீராது. ஒரு சந்தையில் நிற்கும் வண்டிகளின் சங்கம் சேர்ந்து பேச வேண்டும். கேட்பது பெரிதில்லை. லோடு ஏற்றி முடித்த நேரத்தைச் சரக்குச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், போய்ச் சேரும் நேரத்தை அதிலிருந்துதான் எண்ண வேண்டும், எடைமேடைச் சீட்டு இல்லாமல் வண்டி வெளியே போகாது. மண்டிக்காரருக்கு இதனால் செலவு எதுவும் கூடுவதில்லை. ஏற்றுக்கூலி ஆட்களை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொன்னால் போதும்.