பந்து ஓடாத நேரம்

நம் பிள்ளைகள் டென்னிஸ் போட்டியில் ஆடும்போது, வேலியருகே நின்று நாம் உரக்கக் கூறும் அறிவுரை ஒன்றே: "கவனமாக ஆடு!" பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதனால் விளங்குவது யாது? போன கவனத்தை எங்ஙனம் மீட்பது என்று நாம் கற்பித்ததில்லை.

கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆட்டத்தை நோக்கினால், பந்து ஓடும் நேரத்தினும் ஓடாத நேரமே மிகுதி என்பது புலப்படும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே விதி அளிப்பது 25 விநாடி. பக்கம் மாறுகையில் 90 விநாடி. பிள்ளையின் மனம் சிதறுவது பெரும்பாலும் இவ்விடைவெளியிலேதான். தவறவிட்ட பந்தை எண்ணி வருந்தும்; அன்றேல், இன்னும் இரண்டே புள்ளி என்று வெற்றியைக் கணக்கிடும். பின்னது முன்னதினும் கேடு என்பது நம் கருத்து.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜிம் லோர், சிறந்த ஆட்டக்காரர்கள் இந்நேரத்தில் செய்வதைக் கூர்ந்து நோக்கி நான்கு படிகளாக வகுத்தார். புள்ளி முடிந்ததும், தோற்றிருப்பினும், தலை நிமிர்ந்து திரும்பி நடத்தல். மூச்சை நீள விட்டு உடலைத் தளர்த்துதல். அடுத்த பந்தை எங்கே அடிப்பது என்று முடிவு செய்தல். பந்தை இத்தனை முறை தட்டுவது போன்ற வழக்கமான செயலோடு ஆட்டத்தைத் தொடங்குதல். பார்வை அலையாதிருக்க, மட்டையின் நரம்புகளை நோக்குவது பலர் வழக்கம்.

இவற்றைப் போட்டியன்று சொல்லிப் பயனில்லை. பயிற்சியில் நாம் கூடை கூடையாகப் பந்துகளை ஓயாது வீசுகிறோம். ஆதலால் பிள்ளை இடைவெளியைப் பழகுவதே இல்லை. நாள்தோறும் அரைமணி நேரமாயினும் நான்கு படிகளோடும் புள்ளி புள்ளியாக ஆடச் செய்தல் வேண்டும். இயன்றால் 2-5 என்ற பின்தங்கிய நிலையிலிருந்தே தொடங்கச் செய்யலாம்.

அந்த எண்ணிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1966-இல் கல்கத்தாவில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில், இந்தியாவும் பிரேசிலும் ஈரிரண்டு வெற்றியுடன் சமமாக நின்றன. முடிவை அறுதியிடும் ஆட்டத்தில் ராமநாதன் கிருஷ்ணன், தாமஸ் கோக்கிடம் இரண்டு செட்டுகளை இழந்து ஒன்றையே வென்றிருந்தார். நான்காவதிலும் 2-5 எனப் பின்தங்கினார். அந்நிலையிலிருந்து அதனை 7-5 என வென்று, ஐந்தாவதையும் கைப்பற்றினார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றை எட்டியது.

இனி நம்மைப் பற்றி. அயல் மாநிலத்தில் நடுவருக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில், வேலிக்கு வெளியிலிருந்து யோசனை கூறும் தந்தையர் நம்மிடையே உண்டு. நடுவருக்குப் புரியாவிடினும் பிள்ளைக்குப் புரிகிறதே, இடர் அதுதான். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் அது நம் முகத்தை நோக்கினால், 25 விநாடியில் எஞ்சுவது எத்தனை? பிள்ளையின் கண்ணுக்கு எட்டாத இருக்கை ஒன்றைத் தேடி அமர்வோமாக.